சிறு விமானத்தின் பெட்ரோல் டேங்க்: அதுக்கும் வயசாகும்

போன தை மாதம் சங்ககிரியில் அக்கா வீட்டு விசேஷம். வாசலில் மச்சானுடைய லாரி நின்றிருந்தது. கை கழுவப் போனவன் டீசல் டேங்கைப் பார்த்தேன். அடிப்பக்க மூலையில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. தொட்டுப் பார்க்காமலே தெரிந்தது, துணி துவைக்கும் பார் சோப்பு. டேங்கில் மயிரிழை விரிசல் விட்டால் சோப்பைப் பிசைந்து அதன் மேல் அழுத்திவிடுவது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். டீசல் சோப்பைக் கரைக்காது. ஊர் வந்து சேரும்வரை தாங்கும்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மச்சான் கேட்டார்: "ஏனுங் மாப்ள, நீங்க பாக்கற ஏரோப்ளேன்ல டேங்க் ஒழுகுனா என்ன பண்ணுவீங்க? அதுக்கும் இதே சோப்புத்தானுங்களா?"

முப்பது வருடமாகச் சின்ன விமானங்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. பந்தியில் உட்கார்ந்தபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. அன்று மச்சானுக்கு அரைமணி நேரம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

டேங்க் எங்கே இருக்கிறது?

லாரியில் டேங்க் சேஸிக்கு வெளியே பட்டையில் தொங்குகிறது. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். கழற்ற வேண்டுமென்றால் இரண்டு போல்ட்டு. சிறு விமானத்தில் பெரும்பாலும் டேங்க் இறக்கைக்குள் இருக்கிறது. இரண்டு இறக்கை, இரண்டு டேங்க்.

இறக்கை வெளியிலிருந்து பார்க்கக் கெட்டியான பலகை மாதிரித் தெரிந்தாலும் உள்ளே வெறும் கூடுதான். நீளவாக்கில் ஒன்றிரண்டு உத்தரம், குறுக்கே விலா எலும்பு மாதிரிச் சட்டங்கள், மேலே மெல்லிய அலுமினியத் தகடு. அந்தக் கூட்டில் இடம் சும்மா கிடக்கிறது, எரிபொருளை அங்கே வைத்துவிட்டார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பறக்கும்போது இறக்கையைக் காற்று மேலே தூக்குகிறது, நடுவில் உடம்பின் எடை கீழே இழுக்கிறது. இறக்கை, உடம்போடு சேரும் இடத்தில் வளையப் பார்க்கும். இறக்கையிலேயே எரிபொருளின் எடை இருந்தால் அந்த வளைவு குறையும்.

எவ்வளவு பிடிக்கும்? நாலு பேர் உட்காரும் பழைய செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பரவலாக இருக்கும் ஒரு வகையில் இரண்டு டேங்கும் சேர்த்து 43 அமெரிக்க கேலன், நம் கணக்கில் ஏறக்குறைய 163 லிட்டர். அதில் 40 கேலன்தான், அதாவது சுமார் 151 லிட்டர்தான், எஞ்சினுக்குப் போகும் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மீதி அடியில் தங்கிவிடும். இந்த அடித்தங்கலைப் பற்றிப் பின்னால் திரும்ப வருகிறேன்.

அந்த எரிபொருளின் பெயர் ஏவ்கேஸ். பெரிய விமானங்களில் ஊற்றுவது மண்ணெண்ணெய் வகை. இது பெட்ரோல் வகை. இப்போது புழக்கத்தில் இருக்கும் 100 எல்.எல். என்ற ரகத்துக்கு வெளிர் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். நம் நாட்டில் முன்பெல்லாம் இதை இறக்குமதி செய்தோம். 2022-இல் இந்தியன் ஆயில், வடோதராவில் இருக்கும் தன் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது. அந்த நீலச் சாயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், டேங்கில் நோய் கண்டுபிடிக்க அதுதான் எங்களுக்குக் கை கொடுப்பது.

மூன்று வகை

எல்லா விமானத்திலும் ஒரே மாதிரி டேங்க் கிடையாது.

முதல் வகை, தனியாகச் செய்த அலுமினிய டேங்க். பைப்பர் செரோக்கியில் இறக்கையின் முன்விளிம்போடு சேர்ந்த ஒரு துண்டே டேங்க்தான். சுற்றிலும் வரிசையாக இருக்கும் திருகுகளைக் கழற்றினால் துண்டோடு வெளியே வந்துவிடும். பழைய செஸ்னா 172-இலும் இறக்கைக் கூட்டுக்குள் தனி டேங்க்தான்.

இரண்டாவது, டேங்க் என்று தனியாக ஒரு பொருளே இல்லாத வகை. இறக்கைக் கூட்டின் ஒரு பகுதியையே, இடுக்கு, ரிவெட், தையல் எல்லாவற்றையும் உள்ளிருந்து சீலன்ட் என்ற கசிவடைக்கும் பசையைப் பூசி அடைத்து, நேரடியாக எரிபொருளை ஊற்றிவிடுவார்கள். மூனி விமானங்கள் இப்படித்தான். செஸ்னா 182-உம் 1979 மாடலிலிருந்து இதற்கு மாறிவிட்டது. நம் வீட்டுச் சிமென்ட் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரே தொட்டி, உள்பூச்சுதான் தண்ணீரைத் தாங்குகிறது.

மூன்றாவது, ரப்பர் பை. இறக்கைக் கூட்டுக்குள் அதன் வடிவத்துக்கே தைத்த மாதிரி ஒரு பெரிய ரப்பர் பையைச் செருகி, சுவர்களில் பொத்தான் போட்டு மாட்டியிருப்பார்கள். பட்டறையில் பிளாடர் என்போம். 1947-இல் விற்பனைக்கு வந்த பீச்கிராஃப்ட் பொனான்ஸாவில் இது இருந்தது. 1956 முதல் 1978 வரையிலான செஸ்னா 182-களிலும் இதுதான்.

செஸ்னா நிறுவனம் 1986-இல் இந்தச் சிறு பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டு, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தது. அதனால் உலகம் முழுக்க இன்று பறக்கிற சிறு விமானங்களில் நாற்பது, ஐம்பது வயதானவை ஏராளம். எஞ்சினை மணிக்கணக்கு வைத்துப் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். பெயின்ட் அடிக்கிறார்கள், சீட்டுக்கு உறை மாற்றுகிறார்கள். டேங்க் கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் கடைசி வரை யாரும் நினைப்பதில்லை.

ரப்பர் எப்படிக் கெடுகிறது

ரப்பர் பையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்வது இதில்தான்.

"வருசத்துக்கு முப்பது மணி நேரம்கூடப் பறக்கலை, டேங்க் எப்படித் தேயும்?" என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். டேங்குக்குப் பறக்கும் மணி முக்கியமே இல்லை. காலண்டர்தான் கணக்கு. அதிலும் சும்மா நிற்கும் விமானத்தின் டேங்க், ஓடுகிற விமானத்தின் டேங்கைவிடச் சீக்கிரம் போய்விடுகிறது.

பழைய ஆட்களுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு வழி உண்டு. மின்சார மோட்டார் வருவதற்கு முன் நம் கொங்குக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்களே, தண்ணீர் மொள்ளும் அந்தப் பறியின் கீழே ஒரு தோல் வால் இருக்கும். தினமும் தண்ணீரில் முங்கி எழுந்தால் அது வளைந்து கொடுக்கும். நாலு மாதம் இறைக்காமல் வெயிலில் போட்டால் விறைத்து, மடிப்பில் வெடித்துவிடும். அதனால்தான் அதற்கு எண்ணெய் போட்டு வைத்தார்கள். என் அப்பாரு சொல்லிக் கேட்டது இது.

ரப்பர் பையும் அதே ஜாதிதான். ரப்பரை மென்மையாக வைத்திருக்க அதில் சில எண்ணெய்ப் பொருட்களைச் சேர்த்துத்தான் தயாரிப்பார்கள். எரிபொருள் அந்தப் பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கரைத்து எடுக்கிறது. ஆனால் அந்த இடத்தை எரிபொருளே நிரப்பிக்கொண்டு இருப்பதால், பை நனைந்திருக்கிற வரை வளைந்து கொடுக்கும். டேங்கைக் காலி செய்து விட்டால் எரிபொருளும் ஆவியாகப் போய்விடும். இப்போது ரப்பருக்குள் பழைய எண்ணெய்ப் பசையும் இல்லை, எரிபொருளும் இல்லை. சுருங்கும். சுருங்கும்போது பொத்தான்கள் இருக்கும் இடத்தில் இழுபடும். ஒன்று பொத்தான் பிடுங்கிக்கொள்ளும், அல்லது அந்த இடத்தில் கீறல் விடும்.

இதனால்தான் ஒரு வாரம் பத்து நாளுக்கு மேல் டேங்கைக் காலியாக வைக்க வேண்டி வந்தால், பையின் உள்பக்கம் முழுக்க எஞ்சின் ஆயிலை மெல்லப் பூசி வை என்று பராமரிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். கவலைத் தோலுக்கு நம் ஆட்கள் செய்த அதே வேலை.

நல்ல பை, நிரப்பியே வைத்திருந்தால், இருபது இருபத்தைந்து வருடம் தாராளமாக வரும். முப்பதைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். பத்து வருடத்தில் குப்பைக்குப் போனதும் உண்டு. ஒரு செஸ்னா 182-இன் உரிமையாளர், தீ பயம் வேண்டாம் என்று நல்லெண்ணத்தில்தான் இரண்டு டேங்கையும் வடித்துவிட்டு இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருந்தார். மறுபடி எரிபொருள் ஊற்றிய அன்றைக்கே இறக்கையின் அடியில் சொட்ட ஆரம்பித்தது. இந்த விமானத்துக்குத் திரும்ப வருகிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது

ஏவ்கேஸ் கசிந்தால் பெட்ரோல் ஆவியாகிவிடும், நீலச் சாயம் மட்டும் தங்கும். இறக்கையின் அடிப்பக்கம், தகடு சேருமிடம், ரிவெட் தலையைச் சுற்றி, மயில் கழுத்தைக் கழுவி விட்ட மாதிரி ஒரு நீலக்கறை தெரியும். நாள்பட்ட கறை பழுப்பும் நீலமுமாக இருக்கும். விமானத்தைச் சுற்றி வரும்போது குனிந்து இறக்கைக்கு அடியில் பார்க்கிற பழக்கம் இதற்காகத்தான்.

இரண்டாவது மூக்கு. கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்று பறக்கக் கூடாது. பழகிப்போன மூக்கு ஏமாற்றும் என்பதால் நான் வேறு யாரையாவது கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்வேன்.

சீலன்ட் பூசிய வகை டேங்கில் கசிவின் தீவிரத்தை அளக்க ஒரு நேர்த்தியான முறை உண்டு. கறை இருக்கும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். நனைந்த வட்டம் முக்கால் அங்குலத்துக்குள், ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கினால் வெறும் கறை. ஒன்றரை அங்குலம் வரை கசிவு. நாலு அங்குலம் வரை பெருங்கசிவு. அதையும் தாண்டிச் சொட்டினால் ஒழுக்கு. திறந்த இடத்தில் இருக்கும் சின்னக் கறையைக் குறித்து வைத்துக்கொண்டு கவனிக்கலாம். ஒழுக்கு என்றால் உடனே வேலை. காற்றோட்டம் இல்லாத மூடிய இடத்துக்குள் கசிந்தால் எவ்வளவு சின்னதானாலும் பேச்சே இல்லை, விமானத்தை நிறுத்தியாக வேண்டும். ஆவி அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும்.

கசியாமலேயே கெட்ட டேங்கும் உண்டு. அதுதான் எனக்கு அதிக பயம் தருவது. இரண்டு கதை சொல்கிறேன்.

ரப்பர் பையின் அடியில் சுருக்கம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். ஒரு லிட்டர் ஏவ்கேஸ் சுமார் 720 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. மழையில் மூடி வழியாக இறங்கியதும், பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் வியர்த்ததுமான தண்ணீர், அடியில்தான் சேரும். பறப்பதற்கு முன் டேங்கின் அடியில் இருக்கும் சிறு வால்வை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் சுருக்கம் வரப்பு கட்டின மாதிரி நடுவில் நின்றால், அந்தப் பக்கம் தேங்கின தண்ணீர் வால்வுக்கு வராது. குப்பியில் சுத்தமான நீலம் தெரியும். மேலே ஏறும்போது மூக்கு தூக்குகிறது, விமானம் குலுங்குகிறது, அப்போது தண்ணீர் வரப்பைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும். இப்படி நடந்ததால்தான் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 1984-இல் ரப்பர் பை உள்ள செஸ்னாக்களுக்கு ஒரு கட்டாய உத்தரவு போட்டது. சுருக்கங்களைப் பார், நீக்கு, நீக்கியும் தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு முறையும் வாலைக் கீழே அழுத்தி இறக்கையை ஆட்டிவிட்டு வடித்துப் பார் என்று அதில் சொல்லியிருந்தது.

இரண்டாவது கதை மூடியைப் பற்றியது. எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய வென்ட் குழாய் உண்டு. நம் ஊரில் அதில் குளவி மண்கூடு கட்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், தாராபுரம் பக்கம் புழுதியைத் தூக்கி அடிக்கும்போது தூசியும் அடைக்கும். அடைத்தால் எரிபொருள் இறங்காது. அலுமினிய டேங்க் உள்வாங்கி நெளியும். ரப்பர் பையாக இருந்தால் இன்னும் மோசம். மேல் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தால், பறக்கும்போது இறக்கை மேல் இருக்கும் குறைந்த அழுத்தம் அந்த வழியாகப் பையை உறிஞ்சும். பொத்தான் விட்ட பையின் அடிப்பகுதி மேலே எழும்பும். உள்ளே மிதக்கும் அளவுகாட்டி மிதவையும் அதோடு எழும்பும். விமானி கேஜைப் பார்த்தால் டேங்க் நிறைய இருக்கிற மாதிரிக் காட்டும். இருப்பதோ பாதி. ஒரு சின்ன ரப்பர் வளையம் தேய்ந்ததில் ஆரம்பிக்கிற காரியம் இது.

மச்சானுக்கு இதைச் சொன்னபோதுதான் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். லாரியில் டேங்க் காலியானால் ஓரம் கட்டிவிட்டு போன் போடலாம். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு பையை மாற்றுவது எப்படி இருக்கும்

அந்தச் செஸ்னா 182-க்கு வருகிறேன். இடது பை ஒழுகியது. வலது பை ஒழுகவில்லை. உரிமையாளர் இடதை மட்டும் மாற்றச் சொன்னார். இரண்டும் ஒரே வருடம் போட்டவை, இரண்டும் ஒன்றாகக் காய்ந்தவை. மற்றதும் நாளைக்கே போகும் என்பது என் எண்ணம். இரண்டையும் மாற்றினோம். இன்றைக்கும் யார் கேட்டாலும் ஜோடியாக மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் வேலை எரிபொருளை வடிப்பது. விமானத்தை ஹேங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, வெளியே நிறுத்தி, தரையில் அடித்த கம்பியோடு செம்புக் கம்பியால் இணைத்து, பாத்திரத்தையும் விமானத்தோடு இணைத்த பிறகே வடிக்க வேண்டும். பெட்ரோல் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். கோவைப் பட்டறைகளில் வெல்டிங் செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, காலி டிரம்தான் நிறைந்த டிரம்மைவிட ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரை பங்கிலிருந்து ஏழரை பங்கு வரை இருந்தால் பற்றும். வடித்த டேங்க் அந்த அளவில்தான் நிற்கும். அதனால் வடித்த பிறகும் மணிக்கணக்கில் காற்று ஊதி ஆவியை வெளியேற்ற வேண்டும். அலுமினிய டேங்கை ஒட்ட வைக்க வெல்டிங் தெரிந்த எவரிடமும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

பிறகு இறக்கையின் மேல் இருக்கும் ஒரு மூடித் தகட்டைக் கழற்றினால், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை. இனி எல்லா வேலையும் அந்த ஓட்டை வழியாகத்தான். தோள் வரை கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் தடவித் தடவி, குழாய் இணைப்புகளையும் மிதவையையும் கழற்றி, பொத்தான்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். நல்ல பையில் பொத்தான் டப்பென்று விடும். இதில் நான் தொட்ட மூன்றாவது பொத்தான், ரப்பரோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது. பையை மடித்து ஓட்டை வழியாக இழுத்தபோது காய்ந்த பனையோலை மாதிரிச் சலசலத்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் நுண்ணிய வெடிப்பு, ஏரி வற்றினால் வண்டல் வெடிக்குமே, அந்த மாதிரி.

பை வெளியே வந்த பிறகு கூட்டைப் பார்ப்பதுதான் என் கணக்கில் முக்கால்வாசி வேலை. இருபது வருடமாக யாரும் பார்க்காத இடம். துரு, அரிப்பு, பழைய பட்டறைக்காரர் விட்டுப்போன ஒரு திருகு, உரிந்து தொங்கும் பழைய டேப். புதுப் பையில் எந்தக் கூர்மையும் படக் கூடாது. ஒவ்வொரு ரிவெட் வரிசையையும், தகட்டு விளிம்பையும், இதற்கென்றே உள்ள டேப்பால் மூடுகிறோம். நான் கடைசியில் ஒரு பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு சுவர் முழுக்கத் தடவுவேன். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இன்னும் ஒரு டேப். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டால் புதுப் பை ஒரு வருடத்தில் உரசித் தேயும்.

புதுப் பை பெட்டியில் மடித்துத்தான் வரும். குளிர்ந்திருந்தால் விறைப்பாக இருக்கும், அதை அப்படியே வளைக்கக் கூடாது. குளிர்தேசத்துப் புத்தகங்களில் வெதுவெதுப்பான அறையில் வைத்து இளக்கச் சொல்லியிருக்கும். நாங்கள் செய்தது பங்குனி மாதம். ஹேங்கருக்குள் நிழலில் ஒரு துணி மேல் விரித்து வைத்தோம், அதுவே போதுமாக இருந்தது. நேர் வெயிலில் போடக் கூடாது, வெயிலும் ரப்பருக்கு எதிரிதான். இளகினதும் வெற்றிலை மடிப்பது மாதிரி மடித்து, ஓட்டை வழியாக உள்ளே விட்டு, உள்ளேயே விரிக்க வேண்டும்.

அப்புறம் பொத்தான்கள். ஒவ்வொன்றும் பிடித்த சத்தம் கேட்க வேண்டும். எத்தனை பொத்தான் என்று முதலிலேயே எண்ணி, சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். ஒன்று விட்டுப்போனாலும் அந்த இடத்தில் மேல் ரப்பர் தொங்கும், மிதவையைப் பிடித்துக்கொள்ளும், டேங்கின் கொள்ளளவும் குறையும். மாட்டி முடித்ததும் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் வழித்து வழித்துச் சுருக்கம் எடுக்க வேண்டும். மேலே சொன்ன வரப்புக் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா?

குழாய் இணைப்புகளில் கிளாம்பை முறுக்குவதில் புதுப் பையன்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். ஒழுகக் கூடாது என்ற ஆர்வத்தில் முழு பலத்தோடு முறுக்குவார்கள். பையில் குழாய் மாட்டுகிற ரப்பர் மூக்கைக் கிளாம்ப் வெட்டிவிடும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, அது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அளவு காட்டும் ஸ்பானர் வைத்துத்தான் செய்ய வேண்டும். ரப்பர் மூக்கில் ஒட்டுப்பசை எதுவும் தடவவும் கூடாது.

சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. வழக்கமாகச் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போம். காற்றழுத்தம் மட்டும் மிகமிகக் குறைவு, கால் பி.எஸ்.ஐ. அளவுதான். அதைவிட நுணுக்கமானது அம்மோனியா சோதனை. அம்மோனியா நனைத்த துணியைப் பைக்குள் போட்டு மூடி, லேசாகக் காற்றடிப்பார்கள். வெளியே வெள்ளைத் துணியைப் பினாப்தலீன் கரைசலில் நனைத்து இடம் இடமாகப் போர்த்துவார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, காரம் பட்டால் நிறம் மாறுமே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டை இருந்தாலும் துணியில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு மலரும். பழுதுபார்த்த பை ஒன்றில் அப்படி ஒரு பொட்டு மெல்ல மலர்வதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் கேஜ். விமானத்தைச் சமமாக நிறுத்தி, காலி டேங்கில் அந்த அடித்தங்கலுக்கு உண்டான அளவை மட்டும் ஊற்றுவோம். அப்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எஞ்சினுக்குப் போகாத எரிபொருளைக் கணக்கில் காட்டவே கூடாது. பிறகு அளந்து அளந்து ஊற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, முழுதும் நிரப்பி ஓர் இரவு விட்டுவிடுவோம். காலையில் இறக்கைக்கு அடியில் விரித்த செய்தித்தாளில் நீலம் இல்லை என்றால் முதல் பாதி நிம்மதி.

மற்ற இரண்டு வகை

அலுமினிய டேங்குக்கு எதிரி தண்ணீர். அடியில் தேங்கிய தண்ணீர் உள்ளிருந்து அரித்து ஊசிமுனை ஓட்டை போடும். அதிர்வில் வெல்டிங் ஓரம் விரிசல் விடும். கழற்றுவது சுலபம் என்பதால் எடுத்து, முறையான பட்டறையில் சரி செய்யலாம். சரி செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓட்டை விழுந்தால் தகடு முழுக்க மெலிந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுவதுதான் சரி.

சீலன்ட் பூசிய டேங்கில் மாற்ற ஒரு பொருளே இல்லை. பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். கசிகிற இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவார்கள் பலர். எரிபொருள் உள்ளே ஓர் இடத்தில் புகுந்து, பூச்சுக்கு அடியில் ஊர்ந்து, நாலு அடி தள்ளி வெளியே வரும். ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காதே, அது மாதிரி. ஒன்றிரண்டு ஒட்டுக்கு அப்புறமும் கசிந்தால் முழுசாகச் சுரண்டிப் பூசுங்கள் என்பேன். வாரக்கணக்கில் பொறுமை வேண்டிய வேலை. ஆனால் ஒழுங்காகச் செய்தால் அடுத்த இருபது வருடத்துக்குப் பேச்சு இருக்காது.

பங்க் பெட்ரோலும் காகிதமும்

ஏவ்கேஸ் கிடைக்காத ஊரில் பங்க் பெட்ரோலை ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது நம் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது வரை எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் சீலன்ட்டையும் உப்ப வைத்து இளக்கிவிடும். பழைய செஸ்னா, பைப்பர் டேங்குகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊற்றவே வேண்டாம்.

அடுத்தது காகிதம். லாரி பாடியை நாமக்கல்லில் முன்பெல்லாம் நம் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ள முடிந்தது, கரூரில் பஸ்ஸுக்கும் அப்படித்தான். விமானத்தில் ஒரு பொத்தானைக்கூட நம் இஷ்டத்துக்குப் போட முடியாது. பை எந்தத் தொழிற்சாலையில் செய்தது, எந்த விமானத்துக்கு அனுமதி பெற்றது என்ற சான்றிதழ் கூடவே வர வேண்டும். நம் அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் உரிமம் பெற்ற பராமரிப்பு எஞ்சினியர் சோதித்து, லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அது பறக்கலாம். உள்ளூரில் ரப்பர் ஒட்டுகிற கைகாரர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்தால் அந்த விமானம் சட்டப்படி தரையிலேயே இருக்கும். பை வெளிநாட்டிலிருந்து வந்து சேர வாரங்கள் ஆகும் என்பதால், ஒழுகும்வரை காத்திருக்காமல் வயதைப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அன்றைக்கு அந்தச் செஸ்னா முதல் சுற்று போய் இறங்கியதும் மூடியைத் திறந்து பார்த்தோம், பை அடியோடு படிந்திருந்தது. கிளாம்புகளை அடுத்த சில மணிநேரப் பறத்தலுக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும், நனைந்த ரப்பர் கொஞ்சம் அடங்கும். அதுவரை ஒவ்வொரு காலையும் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் உரிமையாளர். டேங்கை அதற்குப் பிறகு அவர் காலியாக விட்டதே இல்லை. பறந்து இறங்கியதும் நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.